கேட்டதும் கண்டதும்: சமூக ஊடகங்களும் பிற நாடுகளைப் பற்றிய நம் கருத்தும்

2022ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், வியாழக்கிழமை, ரஷ்யப் படைகள் உக்ரைன் நாட்டிற்குள் நுழைந்தன. மூன்று நாள் கழித்து வந்த ஞாயிறு ஆராதனையில் நாம் ஒரு சபையில் அருளுரை ஆற்றினோம். கருங்கடலிலுள்ள பாம்புத் தீவு என்னும் சிறு தீவைக் காத்து நின்ற 13 எல்லைக் காவலர், சரணடையுமாறு ரஷ்யப் போர்க்கப்பல் இட்ட கட்டளையை இகழ்ந்து மறுத்து, அதன் குண்டுகளுக்கு இரையாகி மாண்டனர் என்ற செய்தியை அன்று எடுத்துக்காட்டாகக் கூறினோம். கப்பலுக்கும் தீவுக்குமிடையே வானொலியில் நடந்த உரையாடலின் ஒலிப்பதிவு வெள்ளிக்கிழமை முதலே பலரிடமிருந்து நமது கைபேசிக்கு வந்துகொண்டிருந்தது. அதனை நாமே கேட்டிருந்தோம். மாண்ட காவலருக்கு நாட்டின் உயரிய வீரப் பட்டம் வழங்கப்படும் என்று அதிபர் வொலோதிமிர் செலென்ஸ்கியும் அறிவித்திருந்தார். ஆகவே ஐயுறுவதற்குக் காரணம் ஒன்றும் நமக்குத் தோன்றவில்லை. சபையாருள் சிலர் கண்ணீர் சிந்தினர்.

மறுநாள், பிப்ரவரி 28 அன்று, அக்காவலர் உயிருடன் இருக்கின்றனர் என்றும், ரஷ்யரால் சிறைபிடிக்கப்பட்டுள்ளனர் என்றும் உக்ரைன் கடற்படையே அறிவித்தது. அந்த அறிவிப்பை எவரும் நமக்கு அனுப்பவில்லை. புதன்கிழமை, சாம்பல் புதன் ஆராதனை முடிந்தபின், ஆலய வாசலில் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். "ஐயா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன காவலர்கள் சாகவில்லையாமே. அதை நீங்கள் எதில் பார்த்தீர்கள்?" என்று பணிவுடன் வினவினார்.

எதில் பார்த்தோம்? எதிலும் பார்க்கவில்லை என்பதே உண்மை. ஒரு குரலைக் கேட்டோம். அதன் கீழ் எவரோ எழுதியிருந்த இரண்டு வரிகளைப் படித்தோம். குரல் மெய்யானது. சாவு மெய்யானதன்று. மெய்யான குரலைக் கேட்டதனால், கேளாத சாவையும் கண்டதாக நம் மனம் எண்ணிக்கொண்டது. அவ்வாறே பீடத்தில் நின்று சாட்சியும் கூறிற்று.

அவ்விளைஞரின் கேள்வியே இக்கட்டுரைக்கு அடிப்படை. நாடுகளுக்கிடையே நிகழ்வனவற்றைப் பற்றி மக்கள் கொள்ளும் கருத்தைச் சமூக ஊடகங்கள் எங்ஙனம் உருவாக்குகின்றன என்பதனையும், சபைக்குப் போதிக்கும் பொறுப்புடையோர் அதில் எங்கே நிற்கின்றனர் என்பதனையும் இங்கு ஆராய விரும்புகின்றோம்.

தந்தியும் செய்தித்தாளும்

பிற நாட்டாரைப் பற்றிய செய்தியைத் திரித்து மக்களைத் தூண்டுவது கைபேசியோடு பிறந்த பழக்கமன்று. 1870 ஜூலை 13 அன்று பிரஷ்ய மன்னர் முதலாம் வில்லியம் எம்ஸ் என்னும் ஊரில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தார். பிரெஞ்சுத் தூதர் அவரைச் சந்தித்து, ஸ்பானிய அரியணைக்கு அவருடைய குடும்பத்தார் எவரும் இனிப் போட்டியிடுவதில்லை என்று உறுதி கேட்டார். மன்னர் உறுதியளிக்க மறுத்தார். இதனைத் தெரிவித்த தந்தி பெர்லினிலிருந்த பிஸ்மார்க்கை அடைந்தது. அவர் அதனைச் சுருக்கி, மன்னர் தூதரை அவமதித்துத் திருப்பி அனுப்பியதாகத் தோன்றும்படி செய்து, செய்தித்தாள்களுக்குக் கொடுத்தார். இரு நாட்டு மக்களும் கொதித்தெழுந்தனர். ஜூலை 19இல் பிரான்சு போர் அறிவித்தது. அப்போருக்கு ஆழ்ந்த காரணங்கள் வேறு உண்டு. ஆயினும் ஒரு செய்தியைச் சுருக்குவதாலேயே அதன் பொருளை மாற்றிவிடலாம் என்பதற்கு இது சிறந்த சான்று.

முதல் உலகப் போரின்போது, 1917 ஏப்ரலில், ஜெர்மானியர் தம் போர்வீரரின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கின்றனர் என்று பிரிட்டிஷ் செய்தித்தாள்கள் எழுதின. உலகெங்கும் மக்கள் அதனை நம்பினர். அச்செய்திக்கு ஒருபோதும் ஆதாரம் இருந்ததில்லை என்ற ஜெர்மானிய அரசின் மறுப்பை, பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின் ஏற்றுக்கொண்டதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தது 1925 டிசம்பரில்தான். அதன் விளைவு அத்துடன் முடியவில்லை. இரண்டாம் உலகப் போரில் யூத மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுகின்றனர் என்ற மெய்ச்செய்தி வெளிவந்தபோது, 'இதுவும் அந்தப் பிணத் தொழிற்சாலைக் கதை போன்றதே' என்று ஐயுற்றோர் பலர் இருந்தனர் என வரலாற்றாசிரியர் எடுத்துரைப்பர். ஒரு பொய்ச்சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு மட்டும் தீங்கு செய்வதில்லை. பின்னொரு நாளில் மெய்யாகவே அலறுகின்றவனுடைய குரலையும் அது அடைத்துவிடுகின்றது.

இன்றைய நிலையில் புதியன யாவை?

பழைய நோய் இன்று புது வடிவில் வந்துள்ளது. அவ்வடிவின் கூறுகளுள் மூன்றினை மட்டும் இங்குக் குறிப்போம்.

முதலாவது, செய்தியைத் தேர்ந்தெடுப்பவர் மாறிவிட்டார். முன்னாளில் எச்செய்தி முதற்பக்கத்தில் வரவேண்டும் என்பதை ஓர் ஆசிரியர் முடிவு செய்தார். அவர் நேர்மையற்றவராகவும் இருக்கக்கூடும்; எனினும் அவருக்கு ஒரு பெயரும் முகவரியும் இருந்தன. இன்று பேஸ்புக் போன்ற தளங்களில் நம் கண்முன் எது முதலில் தோன்ற வேண்டும் என்பதை ஒரு கணிப்பொறிக் கணக்கு முடிவு செய்கின்றது. எது மெய் என்று அக்கணக்கு கேட்பதில்லை. எது நம்மை நிறுத்தி வைக்கும் என்றே கேட்கின்றது. 2017 முதல் பேஸ்புக் தளத்தில், சினம், வியப்பு முதலிய உணர்ச்சிக் குறிகளுள் ஒன்றை அழுத்துவதற்கு, சாதாரண விருப்பக் குறியைப்போல் 5 மடங்கு மதிப்பு அளிக்கப்பட்டிருந்தது என்பது, 2021இல் வெளிவந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களால் தெரியவந்தது. சினக் குறியின் மதிப்பை அந்நிறுவனமே 2020இல் சுழியாக்கிற்று. அதுவரை மூன்றாண்டுக் காலம், ஒருவரைச் சினமூட்டிய செய்தி அவர் அயலாரின் திரைக்கும் விரைவில் செல்லும் வாய்ப்பைப் பெற்றிருந்தது. ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரைப் பற்றிக் கேட்கும் செய்திகளுள் சினமூட்டாதன எத்தனை?

எனினும் பழி முழுவதையும் இயந்திரத்தின்மேல் சுமத்துவது முறையாகாது. ட்விட்டர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அறிஞர் மூவர் ஆராய்ந்து, 2018இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். மெய்ச்செய்தியைவிடப் பொய்ச்செய்தி மறுபடி பகிரப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்று அவர்கள் கண்டனர். அதற்குக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதரே என்பதும் அவர்கள் கண்ட முடிவாகும். பொய் புதுமையாகத் தோன்றுகின்றது. புதியதைப் பிறருக்குச் சொல்லும் முதல் ஆளாக இருக்க மனிதர் விரும்புகின்றனர். இவ்விருப்பத்தை அறியாத ஆயர் எவரேனும் உண்டோ?

இரண்டாவது, நாடுகளின் உறவு தனிமனிதரின் முகங்களாகச் சுருங்கிவிட்டது. படையெடுப்பின் இரண்டாம் நாள் இரவு, செலென்ஸ்கி கீவ் நகரத் தெருவில் தம் உடன் பணியாற்றுவோருடன் நின்று, தாம் தலைநகரை விட்டுச் செல்லவில்லை என்பதைக் கையிலிருந்த கைபேசியிலேயே பதிவு செய்து உலகிற்கு அறிவித்தார். அம்மாதத்திலேயே ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின், மிக நீண்ட மேசையின் ஒரு முனையில் அமர்ந்து, மறுமுனையில் அமர்ந்த பிரெஞ்சு அதிபருடன் பேசிய படமும் எங்கும் பரவியிருந்தது. இவ்விரு காட்சிகளும் மெய்யானவையே. உலகில் பலருடைய உள்ளத்தில் வழக்கு அவற்றாலேயே முடிந்துவிட்டது. ஆனால் உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைத் துறந்தபோது 1994இல் கையெழுத்தான புடாபெஸ்ட் உடன்பாடு, உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பு நாடுகளாகும் என்று நேட்டோ 2008இல் செய்த அறிவிப்பு, 2014இல் ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது, 2014, 2015ஆம் ஆண்டுகளின் மின்ஸ்க் ஒப்பந்தங்கள் ஆகியவற்றுள் எதனையும் அரை நிமிடக் காட்சியில் அடக்க இயலாது. படையெடுத்தவன் குற்றவாளியே என்று இவற்றைப் படித்தறிந்த பின்னும் ஒருவர் முடிவு செய்யலாம். நாமும் அவ்வாறே முடிவு செய்கின்றோம். ஆனால் அறிந்து தீர்ப்பளிப்பது வேறு. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பளிப்பது வேறு.

மூன்றாவது, கேட்பவனே அனுப்புபவனும் ஆகிவிட்டான். செய்தித்தாளைப் படித்தவர் அதை மடித்து வைத்தார். கைபேசியில் படித்தவரோ அதைத் தம் உறவினர் குழுவிற்கும் சபைக் குழுவிற்கும் அனுப்புகின்றார். வதந்திகளால் நம் நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பின்னரே, 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு விதித்தது. பகிர்தல் என்பது வெறும் பொழுதுபோக்கன்று, விளைவுள்ள செயல் என்பதனை அந்நிறுவனமே இவ்வாறு ஒப்புக்கொண்டது எனலாம்.

ஒரு போர், மூன்று தோற்றங்கள்

இம்மூன்று கூறுகளும் ஒன்றுசேர்ந்து செயல்பட்டபோது, ஒரே போர் வெவ்வேறு நாட்டு மக்களுக்கு வெவ்வேறு போராகத் தோன்றிற்று.

ஐரோப்பிய மக்களுக்கு அது வீரர்களின் கதையாக வந்தது. 'கீவ் நகரின் ஆவி' என்று பெயர் பெற்ற ஒரு விமானி, தனி ஒருவராகப் பல ரஷ்ய விமானங்களை வீழ்த்தினார் என்று முதல் நாட்களிலேயே செய்தி பரவிற்று. அதற்குச் சான்றாகச் சுற்றிவந்த காட்சி ஒரு கணிப்பொறி விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அவ்விமானி மக்கள் படைத்த கற்பனை வீரரே என்று உக்ரைன் விமானப்படை ஏப்ரல் 30 அன்று அறிவித்தது.

ரஷ்ய மக்களுக்கு அது போராகவே வரவில்லை. 'சிறப்பு இராணுவ நடவடிக்கை' என்ற பெயரிலேயே வந்தது. படைகளைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்புவோர்க்கு 15 ஆண்டு வரை சிறை விதிக்கும் சட்டம் மார்ச் 4 அன்று இயற்றப்பட்டது. எது பொய் என்பதை அரசே முடிவு செய்தது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவை அம்மாதத்திலேயே தடை செய்யப்பட்டன. ஆகவே சமூக ஊடகத்தின் கேடு என்று பேசும்போது, அதனை அடைத்துவிடுவதே மருந்து என்று எண்ணிவிடலாகாது. பொய் பேசும் பலரை அடக்கும் அரசு, பொய் பேசும் ஒருவராகத் தானே எஞ்சி நிற்கக்கூடும்.

இந்தியாவில் அது வேறொரு வடிவில் தோன்றிற்று. ஏறத்தாழ 20,000 இந்திய மாணவர் அப்போது உக்ரைனில் இருந்தனர். அவர்களுள் தமிழ்நாட்டு மாணவரும் பலர். மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார். மறுநாள், இந்தியர் வெளியேறுவதற்காக ரஷ்யா 6 மணி நேரம் போரை நிறுத்திவைத்தது என்ற செய்தி நம் நாட்டுத் திரைகளில் பெருமிதத்துடன் வலம்வந்தது. அப்படி எதுவும் நிகழவில்லை என்று வெளியுறவு அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர் மார்ச் 3 அன்று மறுத்தார். அதே நாட்களில் புதினுக்கு ஆதரவான முழக்கம் ஒன்று ட்விட்டரில் பெருமளவில் எழுந்தது. அதனைப் பரப்பிய 100க்கு மேற்பட்ட கணக்குகள் போலியான முறையில் இயங்கியவை என்று கூறி அத்தளம் அவற்றை நீக்கிற்று. மார்ச் 2 அன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையில் 141 நாடுகள் ரஷ்யாவின் செயலைக் கண்டித்தன; 5 எதிர்த்தன; 35 நாடுகள் வாக்களிக்கவில்லை. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. அவ்வாக்கைப் பற்றிய நியாயமான விவாதத்திற்கு இடமுண்டு. ஆயின் அவ்விவாதத்தில் ஒலிக்கும் குரல்களுள் எவை நம் அயலாருடையவை, எவை கூலிக்கு எழுப்பப்பட்டவை என்று அறிய இயலாதபோது, பொதுமக்கள் கருத்து என்னும் சொல்லே தன் பொருளை இழக்கத் தொடங்குகின்றது.

மக்களின் கருத்து அரசுகளிடம் திரும்புதல்

மக்கள் என்ன நினைத்தால் என்ன, அரசுகள் தம் வழியே செல்லும் என்பார் உளர். அது முழு உண்மையன்று. சுமி நகரில் சிக்கியிருந்த ஏறத்தாழ 700 இந்திய மாணவர், உணவும் நீரும் குன்றிய நிலையில், எல்லையை நோக்கி நடந்தே செல்லப்போவதாக மார்ச் 5 அன்று ஒரு காட்சியைப் பதிவு செய்து வெளியிட்டனர். அதனைக் கண்டு நாடே கலங்கிற்று. பொறுத்திருக்குமாறு அரசு அவர்களை வேண்டிற்று. மார்ச் 8 அன்று அவர்கள் பேருந்துகளில் வெளியேற்றப்பட்டனர். பிள்ளைகளின் குரல் பெற்றோரையும் ஆட்சியாளரையும் ஒரே நேரத்தில் எட்டியது இவ்வூடகத்தின் நன்மையே.

இதற்கு எதிரானதும் உண்டு. மார்ச் 16 அன்று, படைவீரர் ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு செலென்ஸ்கி ஆணையிடுவதுபோன்ற செயற்கைக் காட்சி ஒன்று பரப்பப்பட்டது. அவர் உடனே தோன்றி மறுத்ததால் அது பயன்படவில்லை. அப்போலி திருத்தமற்றதாக இருந்தது. அதன்பின் அக்கலை மிகவும் வளர்ந்துள்ளது. ஒரு தலைவரின் முகமும் குரலும் சேர்ந்து வந்தாலும் அவர் பேசியதாகக் கொள்ளலாகாத காலத்தில் நாம் வாழ்கின்றோம்.

உண்மையை வெளிக்கொணர்ந்த சான்றுகளையும் மறைத்தல் நேர்மையாகாது. 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைன் வானில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டனர். அதனை வீழ்த்திய ஏவுகணை வண்டி எவ்வழியே கொண்டுவரப்பட்டது என்பதைக் கண்டறிய, வழியிலிருந்த பொதுமக்கள் சமூக ஊடகங்களில் இட்டிருந்த படங்கள் உதவின. 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. புச்சா நகரத் தெருக்களில் கிடந்த உடல்கள் ரஷ்யப் படை விலகிய பின்னர் நாடகமாகக் கிடத்தப்பட்டவை என்று மாஸ்கோ கூறியபோது, அப்படை அங்கிருந்த மார்ச் மாதத்திலேயே அவை அங்குக் கிடந்தன என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இவ்விரு வழக்குகளிலும் உண்மையை வெளிக்கொணர்ந்தது விரைவன்று, பொறுமை. ஒவ்வொரு படமும் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று கேட்கப்பட்டது; ஒன்றின் கூற்று மற்றொன்றால் சோதிக்கப்பட்டது. இரண்டு மூன்று சாட்சிகளின் வாக்கின்றி ஒருவன்மேல் குற்றம் நிலைநாட்டப்படலாகாது என்றும், நியாயாதிபதிகள் நன்றாய் விசாரிக்க வேண்டும் என்றும் உபாகமம் விதிக்கும் நெறி இதுவே அன்றோ?

மூன்று பீடங்கள்

2022 மார்ச் 6, ஞாயிறு. அன்று மாஸ்கோவில் ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் தலைவர் கிரில் ஆற்றிய அருளுரை, நடக்கும் மோதலுக்கு உலகியலைக் கடந்த பொருள் உண்டு என்று கூறிற்று. அது உலகெங்கும் பரவி, ரஷ்யத் திருச்சபை முழுவதும் இவ்வாறே எண்ணுகின்றது என்ற கருத்தை விளைத்தது. ஆனால் அதற்கு 5 நாள் முன்னரே அத்திருச்சபையைச் சேர்ந்த குருமார் ஏறத்தாழ 300 பேர், போரை நிறுத்துமாறு ஒரு திறந்த மடலில் கையொப்பமிடத் தொடங்கியிருந்தனர். நம் வகுப்பில் இதனைப் பற்றிக் கேட்டபோது, அருளுரையை மாணவர் அனைவரும் அறிந்திருந்தனர். மடலை ஒருவரே அறிந்திருந்தார்.

அதே ஞாயிறன்று கோஸ்ட்ரோமா வட்டாரத்தின் ஒரு சிற்றூர்க் குரு, தம் ஆலயத்தில் கூடிய மிகச் சிலரிடம், உக்ரைனில் மக்கள் கொல்லப்படுவதைப் பற்றிப் பேசினார். அதற்காகச் சில நாட்களில் நீதிமன்றம் அவருக்கு 35,000 ரூபிள் அபராதம் விதித்தது.

அந்த ஞாயிறன்றே நாமும் நம் பீடத்தில் நின்றோம். முந்திய வாரம் நாம் கூறிய செய்தி தவறு என்றும், ஆராயாமல் அதனைக் கூறினோம் என்றும் சபையாரிடம் அறிவித்தோம். இதற்காக நாம் செலுத்திய அபராதம் ஏதுமில்லை. சிறிது வெட்கம் மட்டுமே. உண்மை கூறுவதற்கு இவ்வளவு குறைந்த விலையே கேட்கப்படும் நாட்டில் வாழ்ந்தும், அவ்விலையையும் செலுத்தத் தயங்குவோமாயின், நாம் யாருக்குப் போதிக்க முடியும்?

பிறனைக் குறித்துப் பொய்ச்சாட்சி கூறலாகாது என்னும் கட்டளையில் பிறன் என்பவன் நம் தெருவில் குடியிருப்பவன் மட்டுமல்லன். திரையின் வழியே நம் கைக்குள் வந்துவிட்ட ரஷ்யனும் உக்ரைனியனும் பாகிஸ்தானியனும் சீனனும் பிறனே. ஆதலால் உடன் ஊழியருக்கும் மாணவருக்கும் சிலவற்றைப் பரிந்துரைக்கின்றோம். பிற நாட்டைப் பற்றிய செய்தியைப் பீடத்தில் கூறுமுன், இதனைக் கண்டவர் யார், எங்கே, எப்போது கண்டார் என்று கேட்போம். விடை கிடையாதாயின் ஒரு வாரம் காத்திருப்போம். ஓர் அரசின் செயலை அந்நாட்டு மக்களின் இயல்பாகக் கூறாதிருப்போம். நம் உள்ளம் முன்னரே விரும்பிய செய்தியை இருமடங்கு சோதிப்போம். பாம்புத் தீவுச் செய்தியில் நம்மை வீழ்த்தியது எதிரியின் சூழ்ச்சியன்று, அது மெய்யாயிருக்க வேண்டும் என்ற நம் விருப்பமே. தவறியபோது, தவறிய அதே இடத்தில் நின்று திருத்துவோம்.

அன்று ஆராதனை முடிந்ததும், சபையின் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்தார். முந்திய வாரம் கண்ணீர் விட்டவர்களுள் அவரும் ஒருவர். நம்மைக் கடிந்துகொள்வார் என்று எண்ணினோம். அவரோ, "அப்படியானால் ஐயா, அவர்கள் வீடு திரும்ப ஜெபிக்க வேண்டும் அல்லவா? போன வாரம் நாம் ஜெபிக்கவில்லையே" என்றார்.

அவர் கூறியது முற்றிலும் உண்மை. நாம் அவர்களை வீரராகப் புகழ்ந்து அடக்கம் செய்துவிட்டோம். மாண்டவருக்கு விடுதலை வேண்டுவார் எவருமில்லை. சிறையில் இருந்தோருக்கோ அது தேவையாயிருந்தது. அந்த ஞாயிறு முதல் அச்சபை அவர்களுக்காக மன்றாடிற்று. அவர்களுள் ஒருவர் மார்ச் 24 அன்று கைதிகள் பரிமாற்றத்தில் விடுவிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தபோது, அதனை அறிவிக்குமுன் இருமுறை விசாரித்தோம்.